குஞ்சு எது? பேடோ, சேவலோ?

கோழி குஞ்சு பொரித்த வீட்டுக்குச் செல்லும் அயலார் வினவும் வினாக்கள் இரண்டு. எத்தனை பொரித்தது என்பது ஒன்று. அவற்றுள் எத்தனை பேடு என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கூற எண்ணத் தெரிந்தாற் போதும். இரண்டாம் வினாவோ பண்டுதொட்டு அறிஞரையும் பாமரரையும் ஒருங்கே மயக்கி வந்துள்ளது. முட்டையின் கூரைத் தடவிப் பார்த்துச் சொன்னவரும், நூலிலே மோதிரம் கட்டி முட்டைமேல் ஊசலாட விட்டவரும், குஞ்சைப் பிடரியிற் பிடித்துத் தூக்கிப் பார்த்தவரும் உளர். அவர்கள் கூறிய விடைகளிற் பாதி சரியாகவே இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் பாதி சரியாகத்தானே இருக்கும்!

இவ்வாரம் இச்சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். சிறு பொருள் என்றது நகரத்தில் முட்டையைக் கடையில் வாங்குவோரை நோக்கி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், வளவிலே மேயும் பத்துக் கோழியை நம்பிப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் வழி பார்க்கும் தாய்மாருக்கு இது சிறு பொருளன்று.

நம்முடைய பழைய இலக்கணமே இவ்விடயத்தில் எச்சரிக்கையோடு நடந்திருக்கின்றது. தொல்காப்பியத்து மரபியல், சேவல் என்னும் ஆண்பாற் பெயரை மயில் நீங்கலான பறவைகளுக்கெல்லாம் உரிமையாக்குகின்றது. பேடை, பெடை என்னும் பெயர்களைப் பெண் பறவைகளுக்குத் தருகின்றது. அளகு என்றொரு தனிப்பெயரையும் சொல்லி, அது கோழிக்கும் கூகைக்குமே பொருந்துமென வரையறுக்கின்றது. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர், இளமைப் பெயருக்கு வந்தபோது பார்ப்பு, பிள்ளை என்னும் பொதுப்பெயர்களோடு அமைந்துவிட்டார். ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயருமாக அங்கே பிரிக்கவில்லை. நாமும் இன்றுவரை குஞ்சு என்றே கூறி வருகின்றோம். சொல்லில் இல்லாத வேற்றுமையைக் குஞ்சின் உடலிலே தேடும்போது தான் நமக்கு இடர்ப்பாடு தொடங்குகின்றது.

வன்னியில் இவ்வினாவுக்கு ஏன் இத்துணை மதிப்பு என்பதைச் சற்று விரித்துரைப்போம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிவுற்றபோது, இப்பெருநிலப்பரப்பின் மக்களில் மிகப் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும் வரையில், அவர்கள் படிப்படியாகத் தத்தம் ஊர்களுக்கு மீண்டனர். மீண்டவர்களுக்கு வாழ்வாதார உதவியென வழங்கப்பட்டவற்றுட் கோழிக்குஞ்சும் ஒன்று. பசுவுக்குப் பெருந்தொகை வேண்டும். பயிருக்கு நிலமும் நீரும் வேண்டும். கோழிக்கோ ஒரு கூடும், கொஞ்சம் குறுணலும், பிராந்தையும் கீரியையும் விரட்ட ஓர் ஆளும் இருந்தாற் போதும். ஆகையால், துணையின்றித் தனித்து நின்று வீட்டைத் தாங்கும் பெண்களுக்கு, அரச ஏடுகள் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று குறிக்கும் அவர்களுக்கு, கோழி வளர்ப்பு எளிதிற் கைகூடும் தொழிலாயிற்று.

அத்தகைய ஒரு வீட்டுக்குப் பத்து மாதக் குஞ்சுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேடு, ஐந்து சேவல் என்று அவ்வீட்டுத் தாய் மனக்கணக்குப் போடுவாள். கணக்கு அத்துணை எளிதன்று. ஒவ்வொரு குஞ்சும் ஆணாகவோ பெண்ணாகவோ அமையும் வாய்ப்புச் சரிபாதியெனக் கொண்டாலும், பத்திற் சரியாக ஐந்துக்கு ஐந்து அமைவது ஏறத்தாழ நான்கு தடவையில் ஒரு தடவையே. பத்தில் மூன்று பேடோ அதனினும் குறைவோ அமைவது ஏறத்தாழ ஆறு தடவையில் ஒரு தடவை நேரும். ஊர்க்கோழியொன்று ஆண்டுக்கு 50 முட்டை இடுமெனக் கொண்டால், மூன்று பேடுடைய வீட்டுக்கு 150 முட்டை. ஏழு பேடுடைய அயல்வீட்டுக்கு 350 முட்டை. இருவருக்கும் கிடைத்தது பத்துக் குஞ்சே. இருவரும் இட்ட தீனும் ஒன்றே. ஆண்டின் முடிவில் கணக்குப் பார்க்க வருபவர் ஒருத்தியை முயற்சியுடையாள் என்று புகழ்வார். மற்றவளைக் கவனமில்லாதவள் என்று குறித்துக்கொள்வார். குஞ்சின் பாலை அறியாமையால் ஒரு பெண்ணின் பெயருக்கே இழுக்கு நேருமாயின், அதனைச் சிறு பொருள் என்று தள்ளுதல் தகுமோ?

இனி, முட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பாரைக் கவனிப்போம். கூர்முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பேடாகும் என்று சொல்வோர் உளர். இந்நம்பிக்கை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், நீண்டு கூரிய முட்டை பேட்டையும் உருண்ட முட்டை சேவலையும் தருமென எழுதி வைத்தார். கி.பி. 1 ஆம் நூற்றாண்டில் உழவு நூல் செய்த உரோமாபுரி ஆசிரியர் கொலுமெல்லா, சேவல் வேண்டின் நீண்டு கூரிய முட்டையையும் பேடு வேண்டின் உருண்ட முட்டையையும் அடைவைக்குமாறு அதற்கு நேர்மாறாகக் கூறினார். இரு பெரியாரும் மாறுபட்ட விடத்தில், கோழி இருவரையும் பொருட்படுத்தாது தன்பாட்டிற் குஞ்சு பொரித்தது. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக்குழாயில் அமைவது. உள்ளிருக்கும் உயிரின் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு பேடு பெரும்பாலும் ஒரே சாயலுள்ள முட்டைகளையே இடும். கூர்முட்டையே இடும் பேட்டின் வயிற்றிலும் சேவலும் பேடும் கலந்தே பிறக்கின்றன என்பதை அடைவைத்தவர் எவரும் கண்டறியலாம்.

அடையின் வெப்பம் பாலை மாற்றும் என்பாரும் உளர். இக்கூற்று வேறோர் இனத்துக்குப் பொருந்தும். கடலாமையின் முட்டை புதைந்து கிடக்கும் மணல் மிகச் சூடாயின் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருப்பின் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றும். நம் குளங்களில் வாழும் முதலைகளின் பாலையும் வெப்பமே தீர்மானிக்கின்றது. கோழிக்கு அவ்விதி இல்லை. மாசியில் அடைவைத்தாலும் மார்கழியில் அடைவைத்தாலும் விளைவு ஒன்றே.

உண்மை யாதெனில், கோழிக்குஞ்சின் பால் முட்டைக்கு ஓடு அமையு முன்னரே முடிவாகிவிடுகின்றது. அம்முடிவைச் செய்வது தாய். சேவலின் உடலில் 'இசட்' எனப்படும் பால் நிறமூர்த்தங்கள் இரண்டு உள. பேட்டின் உடலில் 'இசட்' ஒன்றும் 'டபிள்யூ' ஒன்றும் உள. பேட்டிடமிருந்து 'இசட்' பெற்ற கரு சேவலாகும். 'டபிள்யூ' பெற்ற கரு பேடாகும். சேவலிடமிருந்து வருவது எப்பொழுதும் ஒன்றே. ஆதலின், பேட்டுக் குஞ்சு மிகுதியாக வேண்டுமென்று சேவலை மாற்றுவதிற் பயனில்லை. மனிதரில் இவ்விதி தலைகீழானது. அங்கே பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தே. பெண்ணையே பெற்றாள் என்று மருமகளைக் குறை கூறும் மாமிமார் இருப்பின், அவர்கள் மனிதரையன்றிக் கோழியைப் பற்றிப் பேசுகின்றனர் என்று நாம் கொள்வோமாக.

பிறந்த அன்றே பாலறியும் வித்தை உலகில் இல்லாமலில்லை. யப்பான் நாட்டு ஆராய்ச்சியாளரான கியோசி மசுயியும் அவருடைய தோழர்களும் 1920களில் அதனைக் கண்டறிந்தனர். குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்ல விரித்து நோக்கின், உட்சுவரில் ஊசிமுனையளவான ஒரு சிறு புடைப்பு ஆண்குஞ்சில் தெரியும். பெண்குஞ்சிற் பெரும்பாலும் தெரியாது. 1927 ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டின் வாயிலாக இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1930களில் யப்பானிய நிபுணர்கள் கடல் கடந்து சென்று பெரும் பண்ணைகளில் இவ்வேலையைச் செய்து நல்லூதியம் பெற்றனர். தேர்ந்த கை ஒன்று மணிக்கு ஆயிரம் குஞ்சு வரையில் பிரித்துவிடும். நூற்றுக்கு 95க்கு மேல் தவறாது. ஆயினும் அக்கை தேர்வதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பெண்குஞ்சுகளிற் சிலவற்றுக்கும் புடைப்புப் போன்றதொன்று இருப்பதால், வேற்றுமையை நுணுகி அறியக் கண் பழக வேண்டும். பொரித்த முதல் நாளுக்குள்ளேயே பார்க்கவும் வேண்டும். பயிலாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் நசுங்கி உயிரே போய்விடும். ஆகையால் வீட்டிலே இதனைச் செய்து பார்க்கவேண்டாமென்று வாசகர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பனெற் என்னும் பேராசிரியர் வேறு வழியை நாடினார். இறகின் நிறத்துக்குரிய சில பரம்பரையலகுகள் 'இசட்' நிறமூர்த்தத்தில் ஏறியிருப்பதால், தாயின் நிறம் ஆண்பிள்ளைக்கும் தந்தையின் நிறம் பெண்பிள்ளைக்கும் செல்லுமாறு இணை சேர்க்கலாம் என்று அவர் கண்டார். அவரும் பீஸ் என்பாரும் சேர்ந்து 1920களின் இறுதியில் 'கேம்பார்' என்னும் இனத்தை உருவாக்கினர்; அவ்வினத்துக் குஞ்சுகளின் பாலைப் பொரித்த அன்றே மென்மயிரின் நிறங்கொண்டு கூறலாம். கபில நிற முட்டையிடும் இன்றைய பண்ணைக் கலப்பினங்கள் பலவற்றில், பேட்டுக் குஞ்சு பழுப்பாகவும் சேவற் குஞ்சு வெண்மஞ்சளாகவும் பிறப்பது இவ்விதியினாலேயே. ஆனால் அந்நிறக் குறி அந்த ஒரு தலைமுறைக்கே உரியது. அப்பேட்டை ஊர்ச்சேவலோடு விட்டுப் பொரித்த குஞ்சுகளில் அதே குறியைத் தேடுவது வீண்.

எனினும், இவ்விதியை வீட்டிலே பயன்படுத்த ஒரு வழி உண்டு. கருநிலத்தில் வெள்ளை வரி ஓடிய பேட்டை, வரியில்லாத கருஞ்சேவலோடு மட்டும் சேர விட்டுப் பொரிக்கச் செய்க. குஞ்சுகள் கறுப்பாகப் பிறக்கும். உச்சந்தலையில் வெண்பொட்டுள்ளது சேவல், பொட்டில்லாதது பேடு. வரி சேவலிடம் இருந்து பேட்டிடம் இல்லையாயின் இக்குறி பயன்படாது. வேற்றுச் சேவல் வேலி தாண்டி வந்து போயிருப்பினும் பயன்படாது. நம் வளவுகளில் வேலி எவ்வளவு, சேவல்களின் நாணம் எவ்வளவு என்பதை வாசகர் அறிவர்.

ஆகவே, நிறம் பலவாய்க் கலந்த ஊர்க்கோழிக் குஞ்சுக்கு முதல் நாளில் நம்பத்தக்க அடையாளம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, எந்நாளில் எது தெரியும் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது விதி, குஞ்சைத் தனியே எடுத்துப் பார்த்து முடிவு கூறலாகாது. ஒரே அடையிற் பொரித்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டே கூறவேண்டும். மூத்த பேட்டின் கொண்டை இளைய சேவலின் கொண்டையினும் பெரிதாயிருக்கும். இரு வயதுக் குஞ்சுகளைக் கலந்து நோக்கினால் எவரும் ஏமாறுவர்.

மூன்றாம் நான்காம் வாரங்களில் இறகு முளைக்கும் முறையைக் கவனிக்க. பேட்டுக் குஞ்சுக்கு முதுகும் வாலும் பெரும்பாலும் முந்தி இறகு மூடும். வால் சிறிதாயினும் நிமிர்ந்து ஒழுங்காயிருக்கும். சேவற் குஞ்சின் முதுகு நெடுநாள் மென்மயிரோடும் வெறுந்தோலோடும் காணப்படும். வால் குட்டையாகி மொட்டையாய் நிற்கும். இது ஐயத்தை எழுப்பும் குறியேயன்றி முடிந்த முடிபன்று.

ஐந்தாம் ஆறாம் வாரங்களிற் கொண்டையை நோக்குக. சேவற் குஞ்சின் கொண்டை அகன்று தடித்து இளஞ்சிவப்பாகத் தொடங்கும். தாடியும் அலகின்கீழ்த் தலைகாட்டும். பேட்டின் கொண்டை சிறுத்து, வெளிறிய மஞ்சளாகவே நெடுநாள் இருக்கும். சேவலின் கால் தடித்து, நடையில் ஒரு நிமிர்வும் தோன்றும். ஒற்றைக் கொண்டையுள்ள கோழிகளில் இக்குறி நன்கு விளங்கும். தலையோடு ஒட்டிய தட்டைக் கொண்டையுள்ளவற்றில் பருமனைப் பாராது சிவப்பைப் பார்க்க.

எட்டாம் பத்தாம் வாரங்களில் நிறம் பேசத் தொடங்கும். பேட்டின் மேனி பெரும்பாலும் ஒரே சீராக, கபிலமோ புள்ளியோ மேனியெங்கும் பரந்திருக்கும். சேவலின் மேனியிலோ தோளில் ஒரு செம்பட்டை, மார்பில் ஒரு கருமை என்று நிறம் திட்டுத் திட்டாகப் பிரியும். காட்டுக்கோழியின் சேவல் பொன்னும் செம்மையுமாய் ஒளிர, பேடு சருகின் நிறத்தில் மறைந்து அடைகிடப்பதை வன்னிக் காட்டோரங்களிற் கண்டிருப்பீர்கள். இலங்கைக்கே உரிய அப்பறவை நம் நாட்டின் தேசியப் பறவையுமாகும். இயற்கை அங்கே வகுத்த வேற்றுமையின் சாயலே வளவுக் கோழியிலும் உள்ளது.

பத்தாம் வாரம் முதற் பதினான்காம் வாரம் வரையில் ஐயம் முற்றாக நீங்கும். குஞ்சைக் கையிலெடுத்து, வாலுக்கு முன்னே இடுப்பின் மேலுள்ள இறகுகளை விரலால் நீவிப் பாருங்கள். சேவலுக்கு அவை ஒடுங்கி, நீண்டு, நுனி கூர்ந்து, எண்ணெய் பூசினாற்போல் மின்னும். பேட்டுக்கு அவை அகன்று நுனி உருண்டிருக்கும். எல்லாக் குறிகளுள்ளும் இதுவே தலையாயது. கழுத்திறகும் அவ்வாறே வேறுபடும். ஆயின் மொட்டைக்கழுத்துக் கோழியில் அதைப் பார்க்க முடியாது. இடுப்பிறகே அங்கும் துணை. இதன்பின் வாலிறகு அரிவாள்போல் வளைவதும், கூவத் தொடங்குவதும் ஐயமறிந்தவருக்கு மேலும் உறுதி தரும்.

கூவாதது எல்லாம் பேடு என்று எண்ணுதல் பிழை. வலிய சேவலொன்று வளவில் ஆட்சி செய்யும்போது, இளஞ்சேவல் வாய்மூடி இருப்பதுண்டு. காலில் முள் உள்ளதெல்லாம் சேவல் என்பதும் பிழை. முதிர்ந்த பேடுகளிற் சிலவற்றுக்கும் முள் வளரும். தொப்பியைக் குஞ்சுகளின் நடுவே எறிந்தால், நிமிர்ந்து நோக்குவது சேவல், பதுங்குவது பேடு என்பர். துணிந்த பேடும் அஞ்சிய சேவலும் உலகில் உண்டாதலால் அச்சோதனையையும் விடுக.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்பது நம் பழமொழி. பொழுது விடிவது வேறு. பேடு கூவுவது உண்டு. பேட்டின் இரு சூலகங்களில் இடப்புறத்ததே வளர்ந்து தொழில் செய்கின்றது. நோயால் அது கெடுமாயின், வளராதிருந்த வலப்புற உறுப்பு ஆணுறுப்பின் தன்மையோடு தலையெடுப்பதுண்டு. அப்போது முட்டை நின்று, சேவலிறகு முளைத்து, கூவலும் பிறக்கும். இதனை அறியாத காலத்தில், சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் 1474 ஆம் ஆண்டு, முட்டையிட்ட சேவல் என்று ஒரு பறவையை நீதிமன்றத்தில் நிறுத்தித் தீயிலிட்டனர். நம் ஊர்களிலும் கூவிய பேட்டை வீட்டுக்கு ஆகாதென்று கழுத்தைத் திருகுவோர் உளர். அது கேட்டின் குறியன்று. ஒரு கோழியின் நோய்.

இவ்வளவும் அறிந்தபின், வேலியோரத்திற் கேட்கும் பூசலொன்றை ஆராய்வோம்.

“என்ன அக்கா, ஆறும் பேடெண்டு சொல்லித்தானே தந்தனீங்கள்? நாலு கூவுது!”

“பிள்ளை, நான் குஞ்சைத்தானே தந்தனான். கூவுறதுக்கு நானோ பழக்கினனான்?”

இவ்வழக்கிலே தீர்ப்புக் கூற வேண்டுமாயின் கணக்கே சாட்சி. கலந்து பொரித்த ஆறு குஞ்சும் பேடாக அமைவது 64 தடவையில் ஒரு தடவையே. மூன்று வாரக் குஞ்சுகளை 'ஆறும் பேடு' என்று உறுதி கூறி விற்பவர், தாம் அறியாததை விற்கின்றார். கலவன் குஞ்சு என்று உள்ளதைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் பழி இல்லை. பேடு என்று கூறிக் கூடிய விலை பெற விரும்புவோர், பத்து வாரம் வளர்த்து, இடுப்பிறகைக் காட்டி விற்கட்டும். வாங்குவோரும் சொல்லை நம்பாது இறகை நம்பட்டும். அயலுறவு ஒரு சேவற்குஞ்சிலும் பெறுமதி வாய்ந்தது.

உதவியாகக் குஞ்சு வழங்குவோருக்கும் ஒரு சொல். குஞ்சின் தொகையைக் கணக்கெழுதுவதோடு நில்லாது, வீட்டுக்கு இத்தனை பேடு என்று உறுதி செய்தல் நன்று. மாதக் குஞ்சைக் கொடுத்தால், பத்து வாரத்தில் ஒருமுறை சென்று பாலறிந்து, குறைந்த வீட்டுக்கு ஓரிரு பேட்டைச் சேர்த்தும், மிகுந்த வீட்டுச் சேவலை விற்க உதவியும் சரிப்படுத்தலாம். அவ்வாறு செய்யாவிடத்து, முட்டைக் கணக்கைப் பார்க்கும்போது குஞ்சின் தொகையால் வகுக்காது பேட்டின் தொகையால் வகுத்துப் பார்ப்பதே நீதி. மூன்று பேட்டில் 150 முட்டை எடுத்தவள், ஏழு பேட்டில் 350 எடுத்தவளுக்கு எவ்வகையிலும் குறைந்தவளல்லள்.

வீட்டுத் தாய்மாருக்கும் சில வழி கூறுவோம். ஆறாம் வாரத்திற் சேவலென ஐயுற்றவற்றின் காலில் ஒரு நிறத் துணி நாடாவைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் பருக்குமாதலால் வாரந்தோறும் அவிழ்த்துக் கட்டுங்கள். பத்தாம் வாரத்தில் மீண்டும் பார்த்து, பிழைத்ததைத் திருத்துங்கள். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். முட்டை இடுவதற்குச் சேவலே வேண்டுவதில்லை. குஞ்சு பொரிப்பதற்கே வேண்டும். மிகுந்த சேவல்கள் தம்முட் போரிட்டு, பேடுகளின் முதுகிறகை உதிர்த்து, குறுணலையும் முடிக்கும். அவற்றை ஐந்தாறு மாதத்தில் விற்பதே ஆதாயம். ஊர்ச்சேவலின் இறைச்சிக்குப் பண்ணைக் கோழியினும் கூடிய விலை உண்டு. நிறுத்தி வைக்கும் சேவலைக்கூட அதே அடையிற் பிறந்த பேடுகளோடு விடாது, அயல்வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். குஞ்சுகள் திடமாய்ப் பிறக்கும்.

இறுதியாக, சேவலாய்ப் பிறந்த குஞ்சின் பொருட்டும் ஒன்று கூறவேண்டும். முட்டைக்கென்றே கோழி வளர்க்கும் பெரும் பண்ணைத் தொழிலில், ஆண்குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கு விரைந்து பருக்கவும் மாட்டாது. ஆகவே உலகெங்கும் ஆண்டுதோறும் பல நூறு கோடி ஆண்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. பாலறியும் வித்தை வளர்ந்ததன் விலை அது. ஜேர்மனி 2022 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் அவ்வழக்கத்தைத் தடை செய்தது; பிரான்சும் அவ்வழியே சென்றது. முட்டைக்குள் இருக்கும்போதே பாலறிந்து, ஆண்முட்டையைப் பொரிக்கவிடாது விலக்கும் கருவிகள் அந்நாடுகளில் இப்போது தொழிற்படுகின்றன.

வன்னி வளவிலே அத்தகைய கொடுமைக்கு இடமில்லை. இங்கே சேவல் வேண்டாப் பிறவியன்று. அது மாப்பிள்ளை வரும் நாளில் விருந்தாகும். மருந்துச் செலவு வந்த நாளிற் காசாகும். முருகன் கோயிலுக்கு நேர்ந்து விட்டால் நேர்த்திக்கடனாகும். ஒன்றுமில்லையேல் விடியலில் வீட்டாரை எழுப்பிவிடும். பேடோ சேவலோ என்று முதல் நாளில் அறிய இயலாமையால் நமக்கு வரும் இழப்பு, பத்து வாரத் தீனிலும் பொறுமையிலும் அடங்கிவிடுகின்றது. அதுவரையில் தாய்க்கோழி அவற்றை எவ்வாறு நடத்துகின்றதோ அவ்வாறே நாமும் நடத்துவோம். அது தன் சிறகின்கீழ்ப் பால் பார்த்து இடம் ஒதுக்குவதில்லை.